ஏத்தத்துக்கு ஒரு ஆங்கிலச் சொல்: ஸ்டீப்

கையடக்க அகராதியைப் புரட்டினால் "ஸ்டீப்" என்ற ஆங்கிலப் பெயரடைக்கு எதிரே "செங்குத்தான" என்ற ஒரே சொல் நிற்கும். அதை அப்படியே பாடமாக்கிய பிள்ளை, பிறகு ஒரு நாள் பத்திரிகையில் "எ ஸ்டீப் ரைஸ் இன் ப்ரைஸஸ்" என்று பார்த்துவிட்டு, விலை எப்படிச் செங்குத்தாக நிற்கும் என்று திகைக்கிறது. தவறு பிள்ளையிடம் இல்லை. கணிதப் பாடத்தில் செங்குத்து என்றால் 90 பாகை. வீட்டுச் சுவர் செங்குத்து, மின்கம்பம் செங்குத்து. ஆங்கிலத்தில் அவை இரண்டையும் யாரும் ஸ்டீப் என்று சொல்வதில்லை.

ஸ்டீப் சொல்வது இதைத்தான்: கொஞ்சத் தூரம் முன்னால் போவதற்குள்ளேயே நிறைய மேலே ஏறிவிடுகிறது, அல்லது நிறையக் கீழே இறங்கிவிடுகிறது. உயரம் எவ்வளவு என்பது அதன் கேள்வி அல்ல. எவ்வளவு சீக்கிரம் உயர்கிறது என்பதே கேள்வி.

இலங்கையின் மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, பெரிய ரோட்டுக்கு இரண்டு வழி இருக்கும். ஒன்று லொறி போகிற சுற்றுப்பாதை. மற்றது தேயிலைக்கு நடுவே நேரே ஏறுகிற குறுக்கு வழி. சேருமிடம் ஒன்று, ஏறவேண்டிய உயரமும் ஒன்று. 30 மீட்டர் உயரத்தை 600 மீட்டர் சுற்றி ஏறினால் பேசிக்கொண்டே போகலாம். அதே 30 மீட்டரை 80 மீட்டருக்குள் ஏறினால் பேச்சு நின்று மூச்சு வாங்கும். அந்தக் குறுக்கு வழிதான் ஸ்டீப். நாம் "சரியான ஏத்தம்" என்று சொல்கிற இடத்தில் ஆங்கிலத்தில் விழவேண்டிய சொல் இதுவே. ஏத்தத்துக்கு மட்டும் அல்ல, இறக்கத்துக்கும் இதே சொல்தான். பணியக்கணக்குக்கு, அதாவது தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு, இறங்கும் பாதையையும் ஸ்டீப் என்றே சொல்ல வேண்டும்.

உயரம் வேறு, ஏத்தம் வேறு

மாணவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது "ஹை" என்ற சொல்லோடு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஹோர்ட்டன் சமவெளியை விடச் சிறந்த இடம் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆகவே அது "ஹை". ஆனால் பெயரே சொல்வதுபோல அங்கே பெரும்பகுதி புல்வெளி, மெதுவாக ஏறி இறங்குகிற தரை. ஆகவே அது ஸ்டீப் இல்லை. அந்தச் சமவெளியின் விளிம்பில், உலக முடிவு என்று அழைக்கப்படும் இடத்தில், தரை திடீரென்று அறுந்து 800 மீட்டருக்கும் அதிகமாகக் கீழ்நோக்கிப் போகிறது. அந்தப் பாறைமுகத்துக்கு ஆங்கிலத்தில் "ஷியர்" என்று வேறொரு சொல் இருக்கிறது. "எ ஷியர் ட்ராப்" என்றால் ஏறக்குறைய நேர் கீழாக விழும் பள்ளம். அகராதியின் "செங்குத்தான" என்பது உண்மையில் இந்த ஷியருக்குத்தான் பொருந்தும். ஒரே இடத்தில் மூன்று சொற்கள்: இடம் ஹை, நடை ஃப்ளாட், விளிம்பு ஷியர்.

நுவரெலியா நகரமும் அப்படியே. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் கிரகரி வாவிக் கரையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அது சமதரைதான். "நுவரெலியா இஸ் ஸ்டீப்" என்று எழுதினால் படிக்கிறவருக்குத் தவறான படம் கிடைக்கும். "நுவரெலியா இஸ் ஹை, பட் த ரோட் டு இட் இஸ் ஸ்டீப்" என்பதே சரி. நகரம் உயரத்தில், அதற்கு வரும் பாதையில் ஏத்தம்.

மரத்துக்கும் கட்டடத்துக்கும் ஆளுக்கும் "டோல்" போடுங்கள். வளைவுக்கு "ஷார்ப்" போடுங்கள். மஹியங்கனைப் பாதையில் "18 வளைவு" என்று அழைக்கப்படும் பகுதியைப் பற்றி எழுதும்போது "ஸ்டீப் பெண்ட்ஸ்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். வளைவுகள் ஷார்ப், ரோட்டு ஸ்டீப். "எ ஸ்டீப் ரோட் வித் ஷார்ப் பெண்ட்ஸ்" என்று எழுதினால் இரண்டும் அதனதன் இடத்தில் உட்காரும்.

எவ்வளவு இருந்தால் ஸ்டீப்?

இதற்கு ஒரு திட்டமான எண் கிடையாது. ஆனால் அளக்க வழி உண்டு. 100 மீட்டர் முன்னால் போகும்போது எத்தனை மீட்டர் மேலே போகிறோம் என்று பார்த்தால் அது நூற்றுவீதம். 100க்கு 10 ஏறினால் 10 வீதம். கோணத்தில் சுமார் 6 பாகைதான். எழுதிப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். சுமை ஏற்றிய லொறிக்கு அது நல்ல ஏத்தம், சைக்கிள்காரரும் அதை ஸ்டீப் என்பார். 45 பாகைச் சரிவு என்றால் 100 வீதம். அதில் கையை ஊன்றாமல் ஏறுவதே சிரமம்.

யார் ஏறுகிறார் என்பதைப் பொறுத்தும் இந்தச் சொல்லின் அளவு மாறும். மலைநாட்டு ரயில் பாதையில் கடுமையான இடங்களின் ஏத்தம் 44க்கு 1. அதாவது 44 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரும். நடக்கிறவர் காலுக்கு அது ஏத்தமென்றே தெரியாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் பிடிக்கிற பிடி குறைவு என்பதால் ரயிலுக்கு அது கடும் ஏத்தம். அதனால்தான் தெமோதரையில் பாதை ஒரு வட்டம் அடித்து, புகையிரத நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. நேரே இறக்கினால் ரயில் தாங்காது. சுற்றினால் தூரம் கூடும், தூரம் கூடினால் சரிவு குறையும். "த டைரக்ட் ரூட் வாஸ் டூ ஸ்டீப் ஃபோர் ட்ரெய்ன்ஸ்" என்ற வாக்கியத்தில் "டூ ஸ்டீப் ஃபோர்" என்ற மூன்று சொற்களையும் சேர்த்தே பழகுங்கள். யாருக்கு அது அளவுக்கு மிஞ்சிய ஏத்தம் என்பதை அந்த "ஃபோர்" சொல்லிவிடுகிறது. "டூ ஸ்டீப் ஃபோர் அ த்ரீவீலர்", "டூ ஸ்டீப் ஃபோர் ஓல்ட் பீப்பிள்" என்று எங்கேயும் பயன்படும்.

படிக்கட்டுக்கும் இந்தச் சொல் வரும். படியின் உயரம் 7 அங்குலமும் கால் வைக்கும் அகலம் 11 அங்குலமும் இருந்தால் சாதாரணப் படி. உயரம் 9 அங்குலமாகி அகலம் 8 அங்குலமாகச் சுருங்கினால் பாதி பாதம் வெளியே நிற்கும், இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பிக் கால் வைக்க வேண்டிவரும். அது "ஸ்டீப் ஸ்டெப்ஸ்". சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறும் வழியில் 5,000க்கு மேற்பட்ட படிகள் உண்டு. எல்லாப் படியும் ஸ்டீப் அல்ல. உச்சியை நெருங்கும் பகுதியைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும்.

வாயில் வரவேண்டிய விதம்

தமிழில் எந்தச் சொல்லும் "ஸ்ட்" என்று தொடங்காது. அதனால் நாக்கு தானாகவே முன்னால் ஒரு "இ" சேர்த்து "இஸ்டீப்" என்று சொல்லும். தேயிலை ஆலையை "இஸ்டோர்" என்று சொல்லும் அதே பழக்கம். இதை மாற்ற ஒரு சுலபமான வழி இருக்கிறது. முதலில் பாம்பு சீறுவதுபோல "ஸ்ஸ்ஸ்" என்று இழுங்கள். இழுத்துக்கொண்டே, நிறுத்தாமல், "டீ" என்று சொல்லுங்கள். நாம் குடிக்கிற அதே டீ. பிறகு உதட்டை மூடி "ப்" என்று நிறுத்துங்கள். ஸ், டீ, ப். கடைசியில் "ஸ்டீப்பு" என்று ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உதடு மூடியதோடு சொல் முடிந்தது.

நடுவிலுள்ள "ஈ" நெடில். அதில் கை வைக்கக் கூடாது. அந்த இடத்தில் "எ" வந்தால் "ஸ்டெப்", அது படி. குறுகிய "இ" வந்து முடிவும் மாறினால் "ஸ்டிஃப்", அது விறைப்பு. உல்லாசப் பயணியிடம் "த பாத் இஸ் ஸ்டெப்" என்று சொன்னால் பாதையில் படிக்கட்டு இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்வார். "த ஸ்டெப்ஸ் ஆர் ஸ்டீப்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சத்தமாகச் சொன்னால் இரண்டு உயிரும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

எழுத்து: எஸ், டீ, ஈ, ஈ, பீ. ஈ இரண்டு தரம். இரண்டில் ஒன்றை விட்டால் அது படியாகிவிடும்.

வாக்கியத்தில் எங்கே வைப்பது

பெயருக்கு முன்னாலும் வரும், "இஸ்", "ஆர்" போன்றவற்றுக்குப் பின்னாலும் வரும். "எ ஸ்டீப் ஹில்", "த ஹில் இஸ் ஸ்டீப்" இரண்டும் சரி. முன்னால் "வெரி", "க்வைட்", "டூ", "சோ" சேர்க்கலாம். ஒப்பிடும்போது "ஸ்டீப்பர்", எல்லாவற்றையும் விட அதிகம் என்றால் "த ஸ்டீப்பெஸ்ட்". "மோர் ஸ்டீப்" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஓரசைச் சொல்லுக்கு அது ஒட்டாது. ரயில் பாதையை விட ரோட்டு ஏத்தம் என்றால்: "த ரோட் இஸ் ஸ்டீப்பர் தேன் த ரெயில்வே லைன்."

இன்னொரு அமைப்பு விவசாயப் பாடத்திலும் புவியியலிலும் அடிக்கடி வரும்: "த ஸ்டீப்பர் த ஸ்லோப், த ஃபாஸ்டர் த வோட்டர் ரன்ஸ்." சரிவு எவ்வளவுக்குக் கூடுகிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் வேகமாக ஓடும். தேயிலை மலையில் குறுக்காகக் கான் (வடிகால்) வெட்டி வைப்பது இதனால்தான். மேலிருந்து வருகிற தண்ணீரை இடையிலேயே பிடித்துப் பக்கவாட்டில் திருப்பாவிட்டால் மேல்மண் கழுவிக்கொண்டு போய்விடும். இரண்டு பக்கமும் "த" வைப்பதை மறந்தால் வாக்கியம் உடைந்துவிடும்.

வினையோடு சேரும்போது "லி" ஒட்டவேண்டும். "த பாத் ரைஸஸ் ஸ்டீப்லி" என்பது சரி. "ரைஸஸ் ஸ்டீப்" என்பது பிழை. இந்த ஒரு பிழை விடைத்தாளில் திரும்பத் திரும்ப வருகிறது. காரணம், தமிழில் "பாதை செங்குத்தா ஏறுது" என்று சொல்லும்போது ஒட்டுகிற "ஆக" நம் காதுக்கே கேட்காத அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. தமிழில் "ஆக" வருமிடத்தில் ஆங்கிலத்தில் "லி" வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

பயணிகளோடு பழகுகிறவர்களுக்கு

எல்லவிலும் அப்புத்தளையிலும் வழிகாட்டியாகவோ த்ரீவீலர் ஓட்டியோ பிழைக்கிறவர்களுக்கு இந்தச் சொல் தினசரித் தேவை. வெறுமனே "வெரி ஸ்டீப்" என்று மட்டும் சொன்னால் முடிகிறவரும் பயந்து திரும்பிவிடுவார். சொல்லாமலே விட்டால் முடியாதவர் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். ஆகவே எவ்வளவு நேரம், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"இட் இஸ் ஸ்டீப், பட் ஷோர்ட்" என்றால் கடும் ஏத்தம்தான், ஆனால் கொஞ்சத் தூரம்தான். "இட் இஸ் ஸ்டீப் இன் ப்ளேஸஸ்" என்றால் அங்கங்கே ஏத்தம், மற்றபடி பரவாயில்லை. "இட் கெட்ஸ் ஸ்டீப் நியர் த டொப்" என்றால் உச்சிக்குக் கிட்ட ஏத்தம் கூடும். இந்த "கெட்ஸ்" மிக உதவியான சொல். போகப் போக மாறுகிறது என்ற பொருளைத் தருகிறது. மழை நாளில் "ஸ்டீப் அண்ட் ஸ்லிப்பரி" என்று இரண்டையும் இணைத்துச் சொல்லுங்கள். ஏத்தத்தை விட வழுக்குகிற இறக்கமே ஆளை விழுத்துகிறது, அதை முன்கூட்டியே சொல்வது நம் பொறுப்பு.

விலையும் அபராதமும்

இனி, பத்திரிகையில் வருகிற பொருள். ஒரு வரைபடத்தை மனதில் வையுங்கள். கீழே இடமிருந்து வலமாக மாதங்கள், பக்கத்தில் கீழிருந்து மேலாக விலை. விலை மெதுவாக ஏறினால் கோடு சுற்றுப்பாதைபோலச் சாய்ந்து போகும்; திடீரென்று ஏறினால் குறுக்கு வழிபோல நிமிர்ந்து நிற்கும். அப்படி நிமிர்ந்த கோட்டைத்தான் ஸ்டீப் என்கிறார்கள். மலைக்குச் சொன்ன பொருளே இங்கேயும். தூரத்துக்குப் பதில் காலம், உயரத்துக்குப் பதில் பணம், அவ்வளவுதான்.

2022இல் நாம் இதைச் சொல்லாக அல்ல, வயிற்றில் அறிந்தோம். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாய். செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. இதை ஆங்கிலத்தில் எழுத இரண்டு திசையிலும் ஒரே பெயரடை வரும்: "எ ஸ்டீப் ரைஸ் இன் ஃபூட் ப்ரைஸஸ்", "எ ஸ்டீப் ஃபோல் இன் த வேல்யூ ஒஃப் த ருபீ". ஸ்டீப் என்பதிலேயே "ஏறியது" என்ற பொருள் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. திசையைச் சொல்வது பின்னால் வரும் "ரைஸ்", "இன்க்ரீஸ்" அல்லது "ஃபோல்", "ட்ராப்". எதில் மாற்றம் என்பதற்கு "இன்" போடவேண்டும். தமிழில் "விலையின் உயர்வு" என்பதால் பலரும் "ஒஃப்" போட்டுவிடுகிறார்கள்.

பரீட்சையில் வரைபடத்தை விவரிக்கும்படி கேட்டால் இந்தச் சொல் கைகொடுக்கும், அளவாகப் பயன்படுத்தினால். கோடு மெதுவாகப் போகுமிடத்தில் "கிராஜுவல்", நிமிர்ந்து போகுமிடத்தில் "ஸ்டீப்". எல்லா ஏற்றத்துக்கும் ஸ்டீப் போட்டால் வரைபடத்தைப் பார்க்காமல் எழுதியதுபோல இருக்கும்.

பேச்சு வழக்கில் விலையையே நேராக ஸ்டீப் என்பார்கள். ஸ்டேஷனிலிருந்து விடுதிக்குக் கேட்ட கூலியைக் கேட்டு ஒருவர் "தட்ஸ் அ பிட் ஸ்டீப்" என்றால், ரோட்டைப் பற்றி அல்ல, விலையைப் பற்றிப் பேசுகிறார். கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறீர்களே என்று நாசூக்காகச் சொல்கிறார், குறைத்துச் சொன்னால் வருவார் என்றும் அர்த்தம். "எ ஸ்டீப் ஃபைன்" பெரிய அபராதம். "எ ஸ்டீப் டிஸ்கவுண்ட்" நல்ல விலைக்கழிவு. கவனிக்க வேண்டியது: விலைக்கும் தொகைக்கும்தான் ஸ்டீப் சேரும், பொருளுக்குச் சேராது. "த ஷர்ட் இஸ் ஸ்டீப்" என்று சொல்ல முடியாது, சட்டைக்கு "எக்ஸ்பென்ஸிவ்". மறுபக்கம் "த ப்ரைஸ் இஸ் எக்ஸ்பென்ஸிவ்" என்பதும் பிழையே. விலைக்கு "ஹை" அல்லது "ஸ்டீப்". இந்தப் பொருள் பேச்சுக்கு உரியது. வங்கிக்கோ அலுவலகத்துக்கோ எழுதும் கடிதத்தில் "ஹை" என்றே எழுதுங்கள்.

"எ ஸ்டீப் லேர்னிங் கர்வ்" என்ற தொடர் புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் காதில் அடிக்கடி விழும். வரைபடத்தின்படி பார்த்தால் குறைந்த காலத்தில் நிறையக் கற்றதாக, அதாவது சுலபமாகக் கற்றதாக, அர்த்தம் வரவேண்டும். ஆனால் மக்கள் அதை மலையேற்றமாகவே எடுத்துக்கொண்டார்கள். இன்று அதற்குப் பொருள், தொடக்கத்தில் ஒரே மூச்சில் நிறையக் கற்கவேண்டியிருக்கும், கஷ்டமாக இருக்கும் என்பதே. வழக்கில் நிலைத்த பொருளை வைத்துக்கொள்வதுதான் நல்லது.

மண்சரிவு அறிவிப்பில் இந்தச் சொல்

அடைமழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடும். கைபேசிக்கு ஆங்கிலத்தில் வந்துசேரும் செய்திகளில் "ஸ்டீப் ஸ்லோப்ஸ்", "கட் ஸ்லோப்ஸ்" என்ற இரண்டு தொடர்களைக் கண்டால் நின்று படிக்க வேண்டும். முதலாவது இயற்கையான கடும் சரிவு. இரண்டாவது வீடு கட்டவோ ரோட்டு போடவோ மலையை வெட்டியதால் உண்டான மண்சுவர். லயத்துக்கும் வீட்டுக்கும் பின்னால் நிற்பது பெரும்பாலும் இதுதான். எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும்: மஞ்சள் விழிப்பாக இருக்க, செம்மஞ்சள் வெளியேற ஆயத்தமாக, சிவப்பு என்றால் உடனே வெளியேற. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்காத நம் ஊர்களில், வீட்டில் ஒரு பிள்ளையாவது இந்த வரிகளைப் படித்துப் பெரியவர்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தேத்தண்ணியிலும் ஒரு ஸ்டீப்

தேயிலைப் பெட்டியின் பின்பக்கம் "ஸ்டீப் ஃபோர் த்ரீ டு ஃபைவ் மினிட்ஸ்" என்று எழுதியிருக்கும். எழுத்தும் உச்சரிப்பும் அதேதான், சொல் வேறு. இது ஊறவைத்தல் என்ற வினை. அகராதிகளும் தனிச் சொல்லாகவே பதிகின்றன. சுடுதண்ணீரில் தூளைப் போட்டுச் சாயம் இறங்கும்வரை விடுவதுதான் ஸ்டீப் செய்வது. தேயிலை ருசி பார்ப்பதற்கான சர்வதேச முறையில் 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். வீட்டில் அத்தனை நேரம் விட்டால் பலருக்குக் கசக்கும், துவர்ப்பு நாக்கில் ஒட்டும். அதனால்தான் பெட்டியில் குறைத்துப் போடுகிறார்கள்.

இந்த வினையிலிருந்து வந்ததுதான் "ஸ்டீப்ட் இன்". கண்டியைப் பற்றிய சுற்றுலாக் கையேட்டில் "ஸ்டீப்ட் இன் ட்ரெடிஷன்" என்று பார்த்தால் ஏத்தத்தைத் தேட வேண்டாம். தூள் தண்ணீரில் ஊறுவதுபோல அந்த ஊர் மரபில் ஊறியிருக்கிறது என்று சொல்கிறார்கள்.

எந்த ஸ்டீப் என்று பிரித்தறிய, பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பாருங்கள். முன்னால் "எ", "வெரி", "டூ" இருந்தாலோ "இஸ்" இருந்தாலோ ஏத்தம். பின்னால் "டீ", "லீவ்ஸ்", "மினிட்ஸ்" இருந்தால் ஊறல். "த ஹில் வாஸ் ஸ்டீப், சோ வீ ரெஸ்டட் அண்ட் ஸ்டீப்ட் சம் டீ" என்ற வாக்கியத்தில் இரண்டும் வருகின்றன. முதலாவது மலையுடையது, இரண்டாவது கோப்பையுடையது.